கொட்டாஞ்சேனையிலிருந்து மகரகம வரை

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளுள் ஒன்றில் ஒரு மாடி வீடு. அதன் சமையலறையில் நாள்தோறும் காலையில் இரு பெண்கள் சந்திக்கின்றனர். ஒருத்தி வீட்டுக்காரி, மற்றவள் கொட்டாஞ்சேனையிலிருந்து விடியற் பொழுதிலே புறப்பட்டு, பஸ் மாறி வந்து சமைத்துக் கொடுப்பவள். இருவருக்கும் வயது நாற்பத்தைந்து. இருவரும் தமிழ் பேசுபவர்கள். இருவருமே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். இவர்கள் பெயர் சுட்டிக் கூறத்தக்க இருவர் அல்லர். இம்மாநகரின் தென்கோடியிலும் வடகோடியிலும் வாழும் பலரின் சாயலைக் கொண்டு வரையப்பட்டவர்கள். ஆயின் இவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு கற்பனையன்று. வீட்டுக்காரியின் மார்பில் ஒரு சிறு கட்டி தட்டுப்படுமாயின் அன்று மாலையே தனியார் வைத்தியசாலையொன்றில் நிபுணர் ஒருவரைக் காண அவளால் இயலும். படம் எடுக்கப்படும், ஊசியால் இழையம் எடுத்துச் சோதிக்கப்படும், அறிக்கை கைத்தொலைபேசிக்கே வந்து சேரும். அதே கட்டி சமையற்காரிக்குத் தட்டுப்படின், "நோவில்லைத்தானே, பார்ப்போம்" என்று அவள் இருந்து விடுவாள். நோவில்லாத கட்டியே அஞ்சத்தக்கது என்பதை அவளுக்கு எவரும் சொல்லியதில்லை.

இவ்வேறுபாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றிலே பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் வைத்தியர் 1971 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்ற மருத்துவ ஏட்டில் எழுதிய கட்டுரையில் அதனை ஒரு விதியாகவே வகுத்துரைத்தார். நல்ல மருத்துவம் எவருக்கு மிகுதியாகத் தேவைப்படுகின்றதோ அவருக்கே அது குறைவாகக் கிட்டுகின்றது என்பது அவ்விதியின் சாரம். மருத்துவம் சந்தைக்குத் திறந்துவிடப்படும் அளவுக்கேற்ப இவ்விதி வலுப்பெறும் என்றும் அவர் காட்டினார். இலங்கையிலோ அரசாங்க வைத்தியசாலையில் எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அவ்வாறாயின் அவ்விதி இங்கு செயலிழந்திருத்தல் வேண்டும். செயலிழக்கவில்லை. காசின் வேடத்தைக் களைந்து விட்டு, நேரத்தின் வேடத்திலும் மொழியின் வேடத்திலும் அது உள்ளே புகுந்துள்ளது எனலாம்.

இந்நாட்டில் உள்ளவற்றை முதலிற் கூறிவிடுதல் நேர்மையாகும். தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1980 ஆம் ஆண்டிலேயே தோற்றுவிக்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் ஆரம்பிக்கப்பட்டன. முப்பத்தைந்து வயதை எய்திய பெண்களுக்கு அங்கே கருப்பைக் கழுத்துக்கான பாப் பரிசோதனை செய்யப்படுகின்றது. நாற்பத்தைந்து வயதினரும் பின்னர் சேர்க்கப்பட்டனர். மார்பகமும் அங்கு கையாற் பரிசோதிக்கப்படுகின்றது. நாரஹேன்பிட்டியிலுள்ள முற்கண்டறி நிலையத்துக்கு வைத்தியரின் கடிதமின்றியே எவரும் செல்லலாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கெதிரான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே போடப்படுகின்றது. நம்மினும் செல்வம் மிகுந்த நாடுகள் சிலவற்றிலே ஏழைப் பெண்ணொருத்திக்கு இவற்றிற் பாதியும் இலவசமாகக் கிட்டுவதில்லை. ஆகவே குறைகூறுவது நன்றி மறத்தலாகச் சிலருக்குத் தோன்றலாம். கதவு திறந்திருக்கின்றது என்பதில் ஐயமில்லை. அக்கதவுவரை வருவதற்குரிய பாதையைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலாவதாக, நாள். கிளினிக் நடைபெறுவது வேலைநாளின் முற்பகலில். கொட்டாஞ்சேனையிலும் அதனை அடுத்த ஜிந்துப்பிட்டி, புளூமெண்டால், மட்டக்குளிப் பகுதிகளிலும் தோட்டங்கள் என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் பெண்களுட் பலர் நாட்கூலியில் உழைப்பவர்கள். வீட்டு வேலை, துப்புரவு வேலை, புறக்கோட்டைக் கடைகளிற் பொதி செய்யும் வேலை என்பவற்றிற் செல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒரு நாள் எனில் எப்படியும் சமாளிக்கலாம். ஆனால் பரிசோதனை என்பது ஒரு நாட்காரியமன்று. மாதிரி எடுக்க ஒரு நாள். சில வாரங்கள் கழித்து அறிக்கை கேட்க ஒரு நாள். அறிக்கை ஐயத்துக்கிடமாயிருப்பின் பெரிய வைத்தியசாலையிலே திகதி பெற ஒரு நாள். அத்திகதியிற் சென்று காத்திருக்க இன்னொரு நாள். இலவசப் பரிசோதனைக்கு அவள் நான்கு நாட் கூலியை விலையாகக் கொடுக்கின்றாள். சமையலுக்கு வராத நாட்கள் மிகுந்தால் வீட்டுக்காரி வேறொருத்தியைத் தேடத் தொடங்குவாள் என்ற அச்சம் வேறு. அவ்வச்சம் பெரும்பாலும் வீண்போவதில்லை என்பதையும் வெள்ளவத்தை வாசகர் அறிவர்.

இன்னுமொன்று. கிளினிக்குக்கு வருமாறு அழைப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். மக்கள் வாயில் அவர் 'மிஸ்ஸி'. அவருடைய பதிவேடு குடும்பங்களைக் கொண்டது. அவருடைய நடையெல்லாம் கர்ப்பிணித் தாயையும் கைக்குழந்தையையும் நோக்கியது. இந்நாட்டில் பேறுகால மரணங்கள் குறைந்ததற்கு அவரது உழைப்புப் பெருங்காரணம் என்பதை எவரும் மறுக்கார். ஆயின் பிள்ளைகள் வளர்ந்து விட்ட பெண்ணின் வாசலுக்கு அவர் வருவதற்குக் காரணம் குறைவு. மலையகத்திலிருந்து வேலை தேடி வந்து வாடகை அறையொன்றில் ஒண்டியிருப்பவளும், ஆண்டுக்கொரு தோட்டம் மாறுபவளும், கணவனை இழந்து தமக்கை வீட்டில் இருப்பவளும் எந்தப் பதிவேட்டிலும் நிலையாகத் தங்குவதில்லை. பதிவேட்டில் இல்லாதவளை அழைப்பதற்கு வழியுமில்லை. அவள் வரவில்லை என்று அறிவதற்கும் வழியில்லை.

மொழியைப் பற்றி இங்கு சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் அரசியலமைப்பின் வாசகம் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுவரை நடந்து வருவதற்குக் காலம் எடுக்கும் போலும். வடகொழும்பிலே தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக இருந்தும், சுகாதார சேவையிலே தமிழ் தெரிந்த ஊழியர் அத்தொகைக்கு ஏற்ப இல்லை. இதனை இனப்பகையாக மட்டும் விளங்கிக் கொள்வது எளிது, எளிதாகையால் முழுமையற்றது. கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்குச் சிங்களம் தெரியும். மீன் விலையை அவள் சிங்களத்திற் பேசிக் குறைப்பாள். பஸ் நடத்துனரோடு மிச்சச் சில்லறைக்காகச் சிங்களத்திலேயே வாதிடுவாள். பக்கத்து வீட்டுச் சிங்களத்தியின் மகளை மடியில் வைத்துத் தாலாட்டியுமிருப்பாள். அச்சிங்களம் சந்தைச் சிங்களம். மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் இரத்தப் போக்கை, கணவனோடு கூடியபின் உண்டாகும் நோவை, அந்நிய ஆணொருவர் அருகே நிற்கையில் எடுத்துரைக்கும் சிங்களம் அவளிடம் இல்லை.

இதனினும் ஆழமானது அடுத்த உண்மை. அவற்றைச் சொல்லும் தமிழும் அவளிடம் இல்லை. 'கருப்பைக் கழுத்து' என்பது துண்டுப் பிரசுரத்தின் தமிழ். பாடநூல் எழுதியோர் ஆக்கியது. எந்தத் தாயும் தன் மகளுக்கு அச்சொல்லைச் சொல்லிக் கொடுத்ததில்லை. 'அடிவயிறு', 'கீழே', 'பெண்களுக்கு உள்ள இடம்' என்று சுற்றி வளைத்துச் சொல்வதே வழக்கு. ஆகவே அறிவித்தல் பலகையைத் தமிழில் எழுதிவிட்டால் மொழிப் பிரச்சினை தீர்ந்தது என்று கருதுவது தவறாகும். இறுதியில் அவள் கைக்கு வருகின்ற அறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கின்றது. சிங்களத்திற் கேட்டு, தமிழில் நாணி, ஆங்கிலத்தில் விடை பெறுவது அவள் விதி. அவ்வறிக்கையை வாசித்துச் சொல்பவன் பெரும்பாலும் உயர்தரம் படிக்கும் அவளுடைய மகன். தாயின் கருப்பையைப் பற்றி மகன் வாசிக்க நேரும் அக்கணத்திலே எத்தனை சொற்கள் விழுங்கப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நோயின் பெயரே நாவில் எழுவதில்லை. கிரேக்கர் அதனை நண்டு என்றனர். தமிழர் புற்று என்றனர். வெளியே மண்மேடாகத் தெரிந்து உள்ளே அறை அறையாகப் பெருகும் அக்கட்டிடத்தை நோய்க்கு உவமையாக்கியவர் கூர்ந்து நோக்கியவராகவே இருத்தல் வேண்டும். எனினும் வீடுகளில் அது 'அந்த வருத்தம்' தான். கொழும்பிலே அதற்கு ஓர் ஊர்ப் பெயரும் உண்டு. 'அவரை மகரகமவுக்குக் கொண்டுபோனார்களாம்' என்றால் கேட்பவர் குரல் தாழ்ந்து விடும். அங்குள்ள பெருவைத்தியசாலைக்கு எதிர்பார்ப்பு என்னும் பொருள்பட 'அபேக்ஷா' என இன்று பெயர் சூட்டப்பட்டுள்ளது. மக்கள் வாயில் ஊரின் பெயர் இன்னும் நோயின் பெயராகவே நிற்கின்றது. அங்கு செல்வோருட் பலர் பிந்திய நிலையிற் செல்கின்றனர். பிந்திச் சென்றோர் மீளாமையைக் கண்டோர் அவ்விடத்துக்கு அஞ்சுகின்றனர். அஞ்சியோர் தாமும் பிந்துகின்றனர். இவ்வட்டத்தை மூடநம்பிக்கை எனப் படித்தவர் இகழ்வதுண்டு. அது மூடநம்பிக்கையன்று. தாம் கண்டதிலிருந்து அம்மக்கள் செய்துகொண்ட அனுமானம். முற்கூட்டியே அறியப்பட்டுக் குணமடைந்து மீண்டவரை அவர்கள் தம் தோட்டத்திற் கண்டதில்லை; கண்டிருப்பினும், மீண்டவர் அதனை வெளியிற் சொல்லியிருக்க மாட்டார், மகளின் கலியாணப் பேச்சை எண்ணி.

இதுகாறும் பெண்களைப் பற்றியே பேசப்பட்டது. இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறுவது வாய்ப்புற்றுநோய். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார், வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்த கூட்டைக் கடைவாயில் அடக்கிக் கொண்டே பகலெல்லாம் உழைக்கின்றனர். பசியை மறக்கவும் களைப்பை ஒத்திப்போடவும் அது உதவுகின்றது. புகையிலை சேராவிடினும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. மங்கலத் தட்டில் வெற்றிலையோடு பாக்கையும் வைத்துப் பழகிய சமூகத்துக்கு இது கசப்பான செய்தியே. இந்நோயை முற்கண்டறிவதற்கு ஆடை களைய வேண்டியதில்லை, இயந்திரமும் வேண்டியதில்லை. வாயைத் திறக்கச் செய்து கைவிளக்கொன்றைப் பிடித்தாற் போதும். வெண்படலமோ செம்படலமோ ஆறாத புண்ணோ இருப்பின் கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவு எளிதான சோதனை ஏன் உயிர்களைக் காக்கவில்லை என்ற வினாவுக்கு விடை நாற்பதாண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டிற் கிடைத்துவிட்டது என்பது பலர் அறியாத செய்தி. சமன் வர்ணகுலசூரிய முதலியோர் நடத்திய ஆய்வொன்று 1984 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குச் சிறு பயிற்சியளித்து, அவர்கள் வழக்கமான தம் பணியினூடே மக்களின் வாயைப் பார்த்து வரும்படி செய்தனர். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 28,000 பேர் பார்க்கப்பட்டனர். அவர்களுள் 1,200 பேரளவில் மேற்பரிசோதனைக்கு அனுப்பத்தக்கவர்களாகக் காணப்பட்டனர். ஊழியர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் அனுப்பப்பட்டவர்களுட் சென்றவர் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே. எஞ்சியோர் கடதாசியைக் கையில் வாங்கிக் கொண்டு வீட்டிற்குத் திரும்பினர், திரும்பியவர் திரும்பியவர்தாம்.

அந்த ஆய்வு பெரும்பாலும் ஊழியர்களின் திறமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது. அது நியாயமே. எனினும் அதனுள் பொதிந்துள்ள மற்றைய உண்மையே பெரிது. கண்டறிவதோடு முற்கண்டறிதல் முடிந்துவிடுவதில்லை. கிளினிக்கிலிருந்து ஆய்வுகூடத்துக்கும், ஆய்வுகூடத்திலிருந்து நிபுணரிடத்துக்கும், அங்கிருந்து மகரகமவுக்கும் நீளும் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் சிலர் உதிர்ந்து விடுகின்றனர். உதிர்பவர் யாவரெனின் நேரமும் மொழியும் துணையும் அற்றவரே.

பாதை செம்மையாக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுகள் உள. திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கிய ஆய்வு, மருத்துவர் அல்லாத சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்ததன் பயனாக, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2005 இல் அறிவித்தது. தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்திலே பயிற்சி பெற்ற தாதியர், நீர்த்த அசற்றிக்கமிலத்தைத் தடவிக் கருப்பைக் கழுத்தைக் கண்ணாற் பார்த்தனர். அதனால் அந்நோயின் மரணம் 35 வீதம் குறைந்ததை 2007 இல் வெளிவந்த அறிக்கை காட்டிற்று. மும்பாயின் குடிசைப் பகுதிகளிற் பத்தாம் வகுப்புவரை படித்த பெண்களே இதே பணியைச் செய்து 31 வீதக் குறைவைக் கண்டனர். ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட மற்றைப் பெண்களுக்கு அவ்வாண்டுகளில் அச்சோதனை வழங்கப்படவில்லை என்ற கண்டனமும் அவ்வாய்வுகளைத் தொடர்ந்து எழுந்தது. ஏழைகளின் உடல் அறிவின் வயலாக ஆக்கப்படுவதைப் பற்றிய அக்கண்டனத்தை எளிதிற் புறந்தள்ள இயலாது. எவ்வாறாயினும், சாதாரண மனிதர் சாதாரணக் கருவிகளோடு வாசலுக்கு வந்தபோது மரணம் பின்வாங்கியது என்பது நிறுவப்பட்டதொன்று.

மிகவும் சிந்திக்கத்தக்க எடுத்துக்காட்டு நியூயோர்க் நகரத்தின் ஹார்லம் பகுதியிலிருந்து வருகின்றது. அங்கு கறுப்பின ஏழை மக்களிடையே பணியாற்றிய ஹரல்ட் ஃபிரீமன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 1986 வரையிலான இருபத்திரண்டு ஆண்டுகளில் அங்கு சிகிச்சை பெற்ற 606 மார்பகப் புற்றுநோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தார். அவர்களுட் பாதிப்பேர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 39 வீதத்தினர். 1990 இல் அவர் செய்தது வியக்கத்தக்க எளிமையுடையது. மார்பகப் பரிசோதனையை இலவசமாகவோ குறைந்த செலவிலோ கிடைக்கச் செய்ததோடு, சந்தேகத்துக்குரிய முடிவு பெற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வழித்துணையை நியமித்தார். படிவத்தை நிரப்புதல், திகதி பெறுதல், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளை ஏற்பாடு செய்தல், அச்சத்தைக் கேட்டிருத்தல் என்பன அத்துணையின் பணி. 1995 தொடக்கம் 2000 வரை நோய் கண்டறியப்பட்டவரிடையே ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 70 வீதமாயினர். மருந்துகள் இடையிலே முன்னேறியதும் ஒரு காரணமாகலாம். எனினும் முற்றிய நிலையில் வருவோர் தொகை குறைந்ததற்கு மருந்து காரணமாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை ஒழிப்பதற்கு வகுத்த இலக்குகளில், 2030 ஆம் ஆண்டளவில் பெண்களுள் 70 வீதத்தினர் முப்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறையும் நாற்பத்தைந்து வயதுக்குள் மறுமுறையும் சோதிக்கப்படுதல் வேண்டும் என்பது ஒன்று. எழுபது வீதம் என்ற எண்ணை எட்டுவதற்கு வெள்ளவத்தை மாடி வீடுகளை எண்ணிக் கொண்டு போவது இலகு. கொட்டாஞ்சேனைத் தோட்டங்கள் எஞ்சிய முப்பது வீதத்திலேயே நின்றுவிடக் கூடும். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்தும் எரிபொருளும் இன்றி நாடு தவித்த மாதங்களில், பரிசோதனைக்குப் போவது ஆடம்பரமாகவே பலருக்குத் தோன்றியிருக்கும். பஸ் ஓடாத நாளிற் கிளினிக் திறந்திருந்தும் பயனில்லை.

ஹார்லத்தில் வழித்துணை எனப் பெயரிடப்பட்டுச் சம்பளம் வழங்கப்பட்ட அப்பணி கொட்டாஞ்சேனைக்குப் புதிதன்று. ஏறத்தாழ ஒவ்வொரு தோட்டத்திலும் 'ஆஸ்பத்திரி தெரிந்த அக்கா' ஒருத்தி இருக்கின்றாள். தன் தாயையோ கணவனையோ பல மாதம் மகரகமவுக்குக் கூட்டிச் சென்று அவள் அவ்வித்தையைக் கற்றவள். புறக்கோட்டைக்குப் போய் 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஏற வேண்டும், விடியுமுன் இலக்கத் துண்டு எடுக்க வேண்டும், எந்தக் கருமபீடத்தில் எந்தப் பெயரைச் சிங்களத்தில் எவ்வாறு உச்சரிக்க வேண்டும், எந்த மிஸ்ஸியிடம் தமிழிற் பேசலாம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சுவாமிப் படத்தின் பின்னே மடித்துச் செருகப்பட்ட அனுப்புகைக் கடிதத்தை வெளியே எடுக்க வைப்பவளும் அவளே. "அக்கா, நீங்க வந்தால் போறேன்" என்று அயல்வீட்டுப் பெண் சொல்ல, அவள் தன் ஒரு நாட் கூலியை விட்டுக் கூடச் செல்கின்றாள். அவளுக்குக் கிடைப்பது பஸ் காசும், திரும்பும் வழியில் ஒரு தேநீரும் பணிசும். அவள் எத்தனை பேரைக் கூட்டிச் சென்றாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. எழுதுவதற்கு அதில் ஒரு நிரலும் இல்லை. வெள்ளவத்தைச் சமையலறைக்கு அவள் அன்று வராமையால், நண்பகலில் வீட்டுக்காரி தொலைபேசியில் அழைத்து நாளைக்காவது வருவாளா என்று கேட்கின்றாள்.